சிரிக்காமல் சிரிக்கவைத்தவர்

தொலைக்காட்சியும் திறன்பேசியும் இல்லாத காலத்தில் நகர மக்கள் தங்கள் மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தனர்? நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்தவர்களுக்கு, வேலை முடிந்ததும் நினைவுக்கு வந்த இடம் அரங்கம். அங்கே ‘வாடெவில்’ எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஒரே நுழைவுச்சீட்டில் பாட்டு, நடனம், மாயவித்தை, உடல்வித்தை, பழக்கிய விலங்குகளின் விளையாட்டு, நகைச்சுவை என எட்டு அல்லது ஒன்பது நிகழ்ச்சிகளைக் கண்டுகளிக்கலாம். ஒவ்வொரு கலைஞருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் மக்களைக் கவராவிட்டால் அடுத்த வாரம் அவருக்கு மேடை இல்லை.

1896ஆம் ஆண்டில் இத்தகைய நியூயார்க் அரங்கம் ஒன்றின் திரையில் படங்கள் அசைந்தபோது மக்கள் வியந்துபோயினர். தொடக்கத்தில் திரைப்படம் பல்சுவை நிகழ்ச்சியின் ஒரு சிறு பகுதியாகத்தான் இருந்தது. நாளடைவில் அந்தச் சிறு பகுதியே வளர்ந்து அரங்கங்கள் முழுவதையும் தன்வசமாக்கிக்கொண்டது. மேடையில் பிறந்த கலையைத் திரைக்குக் கொண்டுசென்று, முகத்தில் சிறு புன்னகைகூட இல்லாமல் உலகையே சிரிக்கவைத்த ஒருவர் இருந்தார். அவர்தான் பஸ்டர் கீட்டன்.

மேடையே வீடு

1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள பிக்வா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசஃப் ஃபிராங்க் கீட்டன். தந்தை ஜோவும் தாய் மைராவும் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி படைக்கும் மேடைக் கலைஞர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஜோசஃப் தங்கும் விடுதிகளிலும் தொடர்வண்டிகளிலும் மேடைக்குப் பின்புறத்திலும் வளர்ந்தான். ஒருமுறை படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்ததால் ‘பஸ்டர்’ என்னும் பட்டப்பெயர் அவனுக்குக் கிடைத்ததாகக் கூறுவர். அக்காலத்தில் மேடைக் கலைஞர்கள் மோசமாகக் கீழே விழுவதைக் குறிக்க அச்சொல்லைப் பயன்படுத்தினர்.

ஐந்து வயது நிரம்பும் முன்பே பஸ்டர் மேடையேறிவிட்டான். ‘மூன்று கீட்டன்கள்’ என்ற பெயரில் அக்குடும்பம் புகழ்பெற்றது. அவர்களின் நிகழ்ச்சி எளிமையானது. குறும்புக்கார மகன் தந்தையைச் சீண்டுவான்; சினங்கொண்ட தந்தை அவனைத் தூக்கி எறிவார். மேடையின் பின்திரையில் மோதியும், சில வேளைகளில் இசைக்குழுவினர் அமர்ந்திருக்கும் பள்ளத்தில் விழுந்தும் மகன் மீண்டும் எழுந்து வருவான். தூக்கி எறிவதற்கு வசதியாக அவனது சட்டையின் முதுகுப் பகுதியில் பயணப்பெட்டியின் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது!

இது வெறும் முரட்டு விளையாட்டன்று. விழும்போது உடலை எப்படித் தளர்த்துவது, எந்தக் கையை முதலில் ஊன்றுவது, எந்த நொடியில் எழுவது என்பனவற்றை அச்சிறுவன் நாள்தோறும் கற்றான். அதைவிட முக்கியமான பாடம் ஒன்றையும் கற்றான். விழுந்தபின் தான் சிரித்தால் மக்கள் குறைவாகச் சிரிப்பதையும், தான் சிரிக்காமல் நின்றால் அரங்கமே அதிர்வதையும் அவன் கவனித்தான். அன்றிலிருந்து மேடையில் அவன் முகம் கல்லைப் போல் அசையாமல் இருந்தது.

சட்டம் எழுப்பிய கேள்வி

கீட்டன் குடும்பத்திற்கு நியூயார்க் நகரம் வாழ்வளித்தது; சிக்கலையும் தந்தது. அக்காலத்தில் ஏராளமான சிறுவர்கள் ஆலைகளிலும் தெருக்களிலும் உழைத்துவந்தனர். அவர்களைக் காக்கும் பொருட்டு, பதினாறு வயதுக்குட்பட்டோர் மேடையில் உடல்வித்தை செய்வதை நியூயார்க் சட்டம் தடைசெய்தது. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் ஒன்று கீட்டன் குடும்பத்தைத் தொடர்ந்து கண்காணித்தது. பஸ்டரின் உடலில் காயங்கள் உள்ளனவா என்று பலமுறை சோதனை நடைபெற்றது. அதற்கான அடையாளம் ஏதும் கிடைக்காதபோதும், ஒரு கட்டத்தில் அக்குடும்பம் நியூயார்க் மேடைகளில் தோன்றவே தடை விதிக்கப்பட்டது. மகனின் வயதைக் கூட்டிச் சொல்லித் தந்தை சட்டத்தைத் தாண்ட முயன்றார்.

பஸ்டர் பிற்காலத்தில் தம் தந்தையைக் குறைகூறியதில்லை. தாம் கொடுமைப்படுத்தப்பட்டதாக அவர் கருதவும் இல்லை. ஆயினும், அவர் இழந்தவை சிறியவையல்ல. பள்ளியில் முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஒத்த வயதினரோடு விளையாடும் காலத்தில் அவர் குடும்பத்திற்காகப் பொருளீட்டினார். ஒரு கலைஞரை உருவாக்கிய அதே மேடை, ஒரு சிறுவனின் குழந்தைப் பருவத்தையும் எடுத்துக்கொண்டது.

காலப்போக்கில் தந்தையின் குடிப்பழக்கம் அதிகரித்தது. நொடி தவறாமல் செய்ய வேண்டிய வித்தையில், தள்ளாடும் கைகள் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, 1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘மூன்று கீட்டன்கள்’ நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது. இருபத்தொரு வயதில் பஸ்டர் தனியாக நியூயார்க் வந்து சேர்ந்தார்.

250 டாலரா? 40 டாலரா?

நகரின் புகழ்பெற்ற பிராட்வே வீதியில் உள்ள அரங்கம் ஒன்றில் நடிக்க அவருக்கு வாரம் 250 டாலர் ஊதியத்தில் வாய்ப்புக் கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒத்திகை தொடங்குவதற்குள், நகைச்சுவைத் திரைப்பட நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளை அவர் சந்தித்தார். நியூயார்க்கில் இருந்த தம் படப்பிடிப்பு நிலையத்திற்கு வருமாறு ஆர்பக்கிள் அழைத்தார். அங்குச் சென்ற பஸ்டர், அன்று படமாகிக்கொண்டிருந்த ஒரு காட்சியிலேயே நடித்துவிட்டார். 1917இல் வெளிவந்த ‘தி புட்சர் பாய்’ என்னும் அப்படமே அவரது முதல் படம்.

நடிப்பைவிடவும் அவரை ஈர்த்தது கேமரா. அதை இரவல் வாங்கிச் சென்று, பகுதி பகுதியாகக் கழற்றி, அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்தார். பிறகு மீண்டும் பொருத்தினார். மேடையில் ஒரு வித்தையை ஒரே இடத்திலிருந்துதான் மக்கள் காண முடியும். கேமராவோ அதை அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் காட்டும். ஆற்றையும் மலையையும் ஓடும் தொடர்வண்டியையும் மேடையாக்கும். இதனை உணர்ந்த அவர், 250 டாலர் வேலையைத் துறந்து, வாரம் 40 டாலர் ஊதியத்தில் திரைப்படத்தில் சேர்ந்தார்.

முதல் உலகப் போரின்போது படைவீரராகப் பிரான்சுக்குச் சென்ற அவர், நோயால் ஓரளவு கேட்கும் திறனை இழந்து திரும்பினார். 1920ஆம் ஆண்டு முதல் தமக்கெனத் தனிப் படக்குழுவை அமைத்துக்கொண்டு படங்களை எடுக்கத் தொடங்கினார்.

ஊமைப்படத்தின் மொழி

அக்காலப் படங்களில் உரையாடல் ஒலிக்காது. தேவையான சில சொற்கள் மட்டும் எழுத்தில் தோன்றும். சிறிய அரங்கங்களில் ஒருவர் பியானோ வாசிப்பார். பெரிய அரங்கங்களில் இசைக்குழுவே அமர்ந்திருக்கும். பல நாடுகளிலிருந்து குடியேறிய மக்கள் நிறைந்திருந்த நியூயார்க் போன்ற நகரத்தில் இது பெரும் நன்மையாக அமைந்தது. ஆங்கிலம் அறியாதவரும் ஊமைப்படத்தைப் புரிந்துகொண்டு சிரித்தனர். உடலால் கதை சொல்லப் பழகிய பஸ்டருக்கு அது ஏற்ற களமாகியது.

தம்மை வளர்த்த பல்சுவை அரங்கத்தையே அவர் 1921இல் ‘தி பிளேஹவுஸ்’ என்னும் குறும்படமாக எடுத்தார். அதில் இசைக்குழுவினர், மேடைக் கலைஞர்கள், பார்வையாளர்கள் என அனைவராகவும் அவரே தோன்றினார். ஒரே திரையில் ஒன்பது பஸ்டர்கள் வரிசையாக நின்றனர்! கணினி இல்லாத அக்காலத்தில், ஒரே படச்சுருளின் வெவ்வேறு பகுதிகளை மறைத்து மறைத்து மீண்டும் மீண்டும் பதிவு செய்தே இதனைச் சாதித்தனர். ஒவ்வொரு முறையும் கேமராவைக் கையால் ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டும். நடிகரும் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். சிறிது பிசகினாலும் முழு உழைப்பும் வீணாகும்.

ஆபத்தான காட்சிகளிலும் பெரும்பாலும் அவரே நடித்தார். 1924இல் வெளிவந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில், நீர்த்தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் மோதச் செய்தது. அவர் தலைவலியைப் பொறுத்துக்கொண்டு படத்தை முடித்தார். கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஒரு மருத்துவர் கண்டறிந்தார். 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில், ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சாய்கிறது. மாடிச் சன்னலின் திறந்த பகுதிக்கு நேராக நின்றதால் அவர் தப்புகிறார். அவருக்கும் சன்னல் சட்டத்திற்கும் இடையே சில அங்குல இடைவெளியே இருந்தது. அளவெடுத்து, குறியிட்டு, சரியான இடத்தில் அசையாமல் நின்ற திட்டமிடலே அவரது உயிரைக் காத்தது.

தோல்வியும் வீழ்ச்சியும்

அவர் மிகவும் நேசித்த படம் ‘தி ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தன் தொடர்வண்டி இயந்திரத்தை மீட்கப் போராடும் ஓட்டுநரின் கதை அது. எரியும் பாலத்தின்மீது உண்மையான இயந்திரத்தை ஓட்டி ஆற்றில் விழச் செய்து படமெடுத்தனர். 1927 பிப்ரவரியில், ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய நியூயார்க்கின் கேப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்டது. விமர்சகர் பலர் குறைகூறினர். வசூலும் செலவை ஈடுசெய்யவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் பேசும்படம் ஒன்று நியூயார்க்கில் வெளிவந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. மறுஆண்டு, நண்பர் சார்லி சாப்ளின் எச்சரித்தும், பஸ்டர் தம் தனிக்குழுவை விட்டு எம்.ஜி.எம். என்னும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கதை, காட்சி, படத்தொகுப்பு எதிலும் இறுதி முடிவு அவருடையதாக இல்லை. அவர் வாழ்வின் பெரிய தவறாக அது அமைந்தது. படங்கள் தரமிழந்தன. திருமண வாழ்க்கை முறிந்தது. தந்தையை வீழ்த்திய குடிப்பழக்கம் மகனையும் பற்றிக்கொண்டது. 1933ஆம் ஆண்டில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அதற்குச் சற்று முன்பு, 1932இல், பல்சுவை நிகழ்ச்சிகளின் தலைமையிடமாக விளங்கிய நியூயார்க்கின் பேலஸ் அரங்கமும் திரைப்பட அரங்காக மாறியிருந்தது. பஸ்டரை உருவாக்கிய மேடையும் அவருக்குப் புகழளித்த ஊமைப்படமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்தன.

மீண்டும் எழுந்தவர்

எனினும், விழுந்தால் எழ வேண்டும் என்பது பஸ்டர் சிறுவயதிலேயே கற்ற பாடமல்லவா? குடிப்பழக்கத்தோடு போராடி அதிலிருந்து மீண்டார். ஒரு காலத்தில் தாம் உச்சத்தில் இருந்த அதே நிறுவனத்தில், பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை உருவாக்கித் தரும் பணியைக் குறைந்த ஊதியத்திற்குச் செய்தார். எந்த வேலையையும் அவர் இழிவாகக் கருதவில்லை. 1940ஆம் ஆண்டு எலனோர் நோரிஸ் என்னும் நடனக் கலைஞரை மணந்தபின் அவர் வாழ்வில் அமைதி திரும்பியது. பாரிஸ் நகரில் வட்டரங்குக் கலைஞராக மீண்டும் மக்கள்முன் தோன்றினார். 1952இல் வெளிவந்த ‘லைம்லைட்’ படத்தில் சாப்ளினும் அவரும் ஒரே மேடையில் நடித்தனர்.

இதற்கிடையே, அவருடைய பழைய வீட்டை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். மறக்கப்பட்ட படங்கள் பாதுகாக்கப்பட்டு, புதிய தலைமுறையினருக்குத் திரையிடப்பட்டன. 1960இல் பஸ்டருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் எழுந்துநின்று நெடுநேரம் கைதட்டி அவரைப் போற்றினர். 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், எழுபதாம் வயதில் அவர் காலமானார்.

‘தி ஜெனரல்’ படத்தை அமெரிக்க அரசு 1989இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. பாதுகாக்கப்பட வேண்டிய படங்களுக்காகத் தொடங்கப்பட்ட அப்பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. வெளிவந்தபோது தோல்வி எனக் கருதப்பட்ட படம் இன்று நாட்டின் கலைச்செல்வமாகப் போற்றப்படுகிறது. வசூல் ஒரு படத்தின் அன்றைய விலையைக் காட்டலாம். அதன் மதிப்பைக் காலமே காட்டும். மொழி தெரியாதவரும், நூறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவரும் இன்றும் பஸ்டர் கீட்டனைக் கண்டு சிரிக்கின்றனர். அவரோ, திரையில் இன்றும் சிரிக்காமலேயே நிற்கிறார்.