கண்ணாடியைக் கீறிப் பார்த்த கிரிஃபித்

மெட்டீரியல்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் கிரிஃபித் என்கிற பேர் ஞாபகம் இருக்கும். ரெண்டு மார்க் கேள்வி. எழுதிட்டு அப்படியே மறந்துடுவோம். அந்த ஆள் யாருன்னு நானும் தேடினதே இல்லை, எங்க வீட்டு காரோட முன் கண்ணாடியில் கீறல் விழுகிற வரைக்கும்.

வைப்பர் ரப்பர் தேய்ஞ்சு போயிருந்தது. அதுக்கு அடியில் மணல் மாட்டி, அரை வட்டமா மெல்லிசா ஒரு கோடு. டூத்பேஸ்ட் வச்சுத் தேய்டான்னு அப்பா சொன்னார். தேய்ச்சேன், கண்ணாடி வாசனையா ஆச்சு, அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் வந்து நகத்தை வச்சு கோட்டுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். நகம் மாட்டலைன்னா பாலிஷ்லயே போயிடும், மாட்டினா யோசிக்கணும்னார். ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தக் கேள்விக்குத்தான் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் நூறு வருஷத்துக்கு முன்னாடி கணக்கோடு பதில் சொல்லியிருக்கார்.

1893 ஜூனில் லண்டனில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் கிரிஃபித், அந்தக் காலத்து அறிவியல் புனைகதை எழுத்தாளர். மகன் பிறந்த அதே வருஷம் அவர் வெளியிட்ட நாவலில் ஆகாயக் கப்பல்கள் போர் செய்கின்றன. நிஜ விமானம் பறக்க இன்னும் பத்து வருஷம் இருந்தது! 1906இல் அப்பா இறந்துவிட்டார், பையனுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட முழுசா ஆகவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, 1915இல் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம்.

அங்கே ஜி.ஐ. டெய்லரோடு சேர்ந்து அவர் செய்த முதல் பெரிய வேலை சோப்பு நுரையை வைத்து. முறுக்குகிற தண்டில் ஸ்ட்ரெஸ் எங்கே அதிகம் என்பதை, அதே வடிவ ஓட்டையில் சோப்புப் படலத்தை விரித்து, அதன் சரிவை அளந்து கண்டுபிடித்தார்கள். சோப்புக் குமிழி கிரிஃபித் என்று பட்டப்பேரே வந்துவிட்டது. நம்ம ஹாஸ்டலில் இதைவிட மோசமான பட்டப்பேரெல்லாம் இருக்கு.

அடுத்துதான் கீறல். அரம் போட்ட, கிரைண்ட் செய்த இயந்திர பாகங்கள் திரும்பத் திரும்ப சுமை ஏறினால் சீக்கிரம் உடைகின்றன, நன்றாகப் பாலிஷ் செய்தவை தாங்குகின்றன. ஏன்? 1913இல் இங்லிஸ் என்பவர் ஓட்டையின் முனை கூராகக் கூராக அங்கே ஸ்ட்ரெஸ் குவியும் என்று காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கணக்கில் வடிவம்தான் முக்கியம், அளவு இல்லை. ஒரே வடிவம் என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் விரல் நீளக் கீறலும் ஒரே அளவு ஆபத்து என்று வரும். நடப்பில் அப்படி இல்லை என்பது கிரிஃபித்தை உறுத்தியது.

உலோகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்தார். வளையாமல் சட்டென்று உடைகிற பொருள், கணக்குக்கு வசதி. கண்ணாடிக் குமிழ்களிலும் குழாய்களிலும் வேண்டுமென்றே விரிசல் உண்டாக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி வெடிக்கவைத்தார். விரிசல் நீள நீள, குறைந்த அழுத்தத்திலேயே உடைந்தது. அவர் சொன்ன காரணம் ஒரு வரவு செலவுக் கணக்கு. விரிசல் நீண்டால் இழுபட்டிருந்த கண்ணாடி தளர்ந்து ஆற்றல் விடுபடும், அது வரவு. புதிதாக இரண்டு பரப்புகளை உண்டாக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. செலவு நீளத்தோடு ஏறும், வரவு நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு நீளம் வரை செலவுதான் அதிகம், விரிசல் இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதைத் தாண்டினால் வரவு ஜெயிச்சுடும், அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. கீறல் எவ்வளவு ஆழம் என்பது முக்கியமாவது இதனால்தான்!

அதோடு நிறுத்தவில்லை. கண்ணாடியை உருக்கி இழை இழையாக இழுத்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமன் இழை சதுர அங்குலத்துக்குச் சுமார் 25,000 பவுண்டில் அறுந்தது. மூன்று மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே இருந்த மெல்லிய இழையோ ஏறத்தாழ 4,91,000 பவுண்டு தாங்கியது. மெல்லிசா இருந்தால் பெரிய குறைக்கு உள்ளே இடமே இல்லையே. 1920இல் இந்த ஆய்வுக் கட்டுரை அச்சானது.

அப்புறம் நடந்ததை ஜே.இ. கார்டன் தன் புத்தகத்தில் சொல்லியிருக்கார். உதவியாளர் லாக்ஸ்பைசர் ஒரு ராத்திரி கேஸ் டார்ச்சை அணைக்காமல் போய்விட, தீப்பிடித்தது. விசாரணை வந்தது. கண்ணாடியோடு விளையாடினது போதும் என்று கிரிஃபித்தை இன்ஜின் பக்கம் மாற்றினார்கள். எனக்கு இதைப் படிச்சப்போ வயிறு எரிஞ்சுது.

இன்ஜினிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கம்ப்ரெசர் பிளேடை விமான இறக்கை மாதிரி வடிவமைக்க வேண்டும் என்று 1926இல் எழுதினார். 1939இல் ரோல்ஸ்-ராய்ஸில் சேர்ந்தார், ஏவான் ஜெட் இன்ஜினுக்கு அங்கேதான் விதை போட்டார். சறுக்கலும் உண்டு: 1929இல் ஃபிராங்க் விட்டில் என்ற இளைஞர் ஜெட் இன்ஜின் யோசனையோடு வந்தபோது, கணக்கில் இருந்த பிழையைக் காட்டி இது சரிவராது என்று அனுப்பிவிட்டார். பிழை இருந்தது உண்மை. யோசனையும் உண்மையாக இருந்தது.

விரிசல் கணக்கை விமானம் கட்டுகிறவர்கள் பெரிசா கண்டுக்கவில்லை. 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்து விழுந்தன. இன்னொரு காமெட்டின் உடலை ஃபார்ன்பரோவிலேயே தண்ணீர்த் தொட்டியில் வைத்து மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றினார்கள். ஜன்னல் மூலையில் தொடங்கிய விரிசலில் கிழிந்தது. எந்த ஊரில் அவரை நிறுத்தச் சொன்னார்களோ, அதே ஊர். திருத்திக் கட்டிய காமெட் 4 பறந்தது ஏவான் இன்ஜினில். கிரிஃபித் 1960இல் ஓய்வு பெற்று, 1963 அக்டோபரில் இறந்தார்.

எங்க கீறலில் நகம் மாட்டலை. சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணியில் குழைச்சு, ஃபெல்ட் பேட் போட்டு, மெஷினை மெதுவா ஓட்டினார் அண்ணன். சூடாகாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணுமாம். ஒரே இடத்தில் தேய்ச்சால் குழி விழுந்து பார்வை வளையும், அதனால் சுத்திலும் பரவலா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வைப்பர் ரப்பரையும் அன்னைக்கே மாத்திட்டோம்.