செம்பட்டை முடிக் குருவானவர்

இத்தாலியின் வெனிஸ் நகரில் 1678-ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியோ விவால்டி. 1703-இல் குருப்பட்டம் பெற்றார். செம்பட்டை முடியால் சிவப்புக் குரு என்றே பெயர். நெஞ்சு நோயால் திருப்பலி நிறைவேற்றுவதை விட நேர்ந்தது, இசையை விடவில்லை. கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் வளர்ந்த பியெத்தா இல்லத்தில் வயலின் கற்பித்து, அவர்களுக்காகவே ஏராளமாக இசை எழுதினார். அப்பெண்கள் கோவில் மாடத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வாசிப்பார்கள். முகம் தெரியாது, இசை மட்டும் கேட்கும். அவர்களில் எங்கள் வயதினரும் இருந்திருப்பார்களே!

1741-இல் வியன்னாவில் வறுமையில் இறந்த அவரை உலகம் மறந்தது. 1926-இல் சலேசியத் துறவியரின் பள்ளி ஒன்றிலிருந்து அவரது கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக வெளிப்பட்டன.

மேல்நாட்டு இசை நமக்கு விளங்காது என்றிருந்தோம். வகுப்பில் 'நான்கு பருவங்கள்' கேட்டோம். கோடையில் புயல் வரும் இடத்தில் எங்களில் ஒருத்தி சன்னலைச் சாத்த எழுந்துவிட்டாள்!