துளித் துளியா ஒரு புரதத்தைப் படிச்சவர்: வில்லியம் ஸ்டைன்

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிப்போம். எட்டுப் பேர் இருக்காங்க. இரண்டு இரண்டு பேரா கை கோர்க்கணும், யாரும் தனியா நிக்கக் கூடாது. எத்தனை விதமா ஜோடி சேரலாம்? முதல் ஆளுக்கு 7 வாய்ப்பு. மீதி ஆறு பேர்ல ஒருத்தருக்கு 5, அதுக்கப்புறம் 3. பெருக்கிப் பாருங்க, 105 வரும்.

ரிபோநியூக்ளியேஸ்ங்கிற என்சைமுக்கும் இதே கணக்குதான். அதில் 124 அமினோ அமிலங்கள் ஒரே சரமா கோத்திருக்கும். அவற்றில் எட்டு, கந்தகம் உள்ள சிஸ்டீன்கள். இரண்டு சிஸ்டீன்களோட கந்தகங்கள் சேர்ந்தா அதுதான் டைசல்பைடு பிணைப்பு. மடிஞ்ச புரதம் பிரிஞ்சு போகாம பிடிச்சு வைக்கிற ஊக்கு மாதிரி. எட்டு சிஸ்டீனுக்கு நாலு ஊக்கு. 105 வழிகள்ல இயற்கை எதைத் தேர்ந்தெடுத்திருக்கு? இதைக் கண்டுபிடிச்ச குழுவுல முக்கியமானவர் வில்லியம் ஹோவர்ட் ஸ்டைன்.

1911-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் வேதியியல் படிச்சார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1938-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஊர்ல இருந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், மாக்ஸ் பெர்க்மன் என்பவரோட ஆய்வகத்தில் சேர்ந்தார். பெர்க்மன் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய பெரிய வேதியியலாளர். அங்கேதான் ஸ்டைனுக்கு ஸ்டான்ஃபோர்ட் மூர் அறிமுகமானார். அப்புறம் வாழ்நாள் முழுக்க இருவரும் ஒரே ஆய்வகம்தான்.

1944-ல் பெர்க்மன் இறந்துட்டார். ஆய்வகமே கலைஞ்சு போயிருக்கலாம். ஆனா போர் முடிஞ்சதும் நிறுவனத்தின் இயக்குநர் ஹெர்பர்ட் காஸர், ஸ்டைனும் மூரும் அங்கேயே தொடர்ந்து வேலை செய்ய இடம் கொடுத்தார். அவங்க எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: ஒரு புரதத்தில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கு?

இனிமேதான் நம்ம மாதிரி பொறியியல் மாணவர்களுக்கு சுவாரஸ்யமான பகுதி. உருளைக்கிழங்கு மாவுச்சத்தை நிரப்பின ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை நிறுத்தி, அமினோ அமிலக் கலவையை மேலேயிருந்து ஊத்துவாங்க. ஒவ்வொரு அமிலமும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். கீழே சொட்டுற துளிகளை நூற்றுக்கணக்கான சோதனைக் குழாய்கள்ல வரிசையாப் பிடிக்கணும். ஒரு குழாயில் இத்தனை துளின்னு கணக்கு தவறக் கூடாது. இராத்திரி பகல் பார்க்காம சொட்டிக்கிட்டே இருக்கும். யார் உட்கார்ந்து எண்றது?

அதுக்கு ஒரு இயந்திரம் செஞ்சாங்க. விழுற துளி ஒரு ஒளிக்கற்றையை மறைக்கும். ஒளிமின்கலம் அதை எண்ணும். குறிச்ச எண்ணிக்கை வந்ததும் தட்டு நகர்ந்து அடுத்த குழாய் வந்து நிக்கும். இன்னைக்கு இதை சென்சார், கவுன்ட்டர், மோட்டார்னு முதல் வருஷ மினி புராஜெக்ட்லயே செஞ்சிடலாம்னு தோணும். ஆனா அது 1940-கள். டிரான்சிஸ்டரே அப்பதான் பிறந்துகிட்டிருந்தது!

பிறகு மாவுச்சத்துக்குப் பதிலா அயனிப் பரிமாற்றப் பிசின் வந்தது. 1958-ல் டாரல் ஸ்பாக்மனோட சேர்ந்து முழுசையும் தானியங்கி ஆக்கினாங்க. நின்ஹைட்ரின் கலந்ததும் நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவியே அளந்து தாளில் வரைபடமாப் போட்டுடும். வாரக்கணக்கில் இழுத்த பகுப்பாய்வு ஒரு நாளுக்குள்ள முடிஞ்சது.

இந்தக் கருவி கையில இருந்ததாலதான் ரிபோநியூக்ளியேஸ் மேலே கை வைக்கத் துணிஞ்சாங்க. அதுவரைக்கும் வரிசை முழுசாத் தெரிஞ்ச புரதம் சாங்கர் படிச்ச இன்சுலின். அதில் 51 அமினோ அமிலங்கள்தான். இது 124. 1960-ல் வரிசையை வெளியிட்டாங்க. அதில் சில இடங்கள் தப்புன்னு தெரிய வந்ததும், 1963-ல் அதே ஆய்வகமே திருத்தத்தையும் வெளியிட்டது.

சரி, ஊக்குகளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பிணைப்பை உடைக்காம புரதத்தை மட்டும் துண்டு போடணும். இதுல ஒரு சிக்கல் உண்டு. கரைசல் காரத்தன்மையா இருந்தா கந்தகங்கள் ஜோடி மாத்திக்கும். அப்புறம் கிடைக்கிற வரைபடமே பொய்யாயிடும். அதனால அமிலத்தில் வேலை செய்ற பெப்சின் மாதிரியான என்சைம்கள் கைகொடுத்தன. வெட்டின பிறகு, இரண்டு துண்டுகள் ஒரு கந்தகப் பாலத்தால் ஒட்டிக்கிட்டு வரும். அதைத் தனியாப் பிரிச்சு, பெர்ஃபார்மிக் அமிலத்தால் பாலத்தை உடைச்சு, இரண்டு துண்டும் சரத்தில் எந்த இடம்னு பார்க்கணும். விடை: 26-84, 40-95, 58-110, 65-72. 105-ல் இது ஒன்றுதான்.

1969. கோபன்ஹேகனில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த ஸ்டைனுக்குத் திடீர்னு உடம்பு சரியில்லாமப் போச்சு. கியான் பாரே நோய்க்குறி. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். உயிர் பிழைச்சார், ஆனா கை கால்கள் செயலிழந்து போயின. துளி எண்ற இயந்திரம் செஞ்ச கைகளால் ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தூக்க முடியல. அறிவு மட்டும் கொஞ்சமும் மங்கல. சக ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்து ஆலோசனை கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

1972-ல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைச்சது. பாதி, ரிபோநியூக்ளியேஸ் தானாவே மடியும்னு காட்டின கிறிஸ்டியன் அன்ஃபின்சனுக்கு. மீதிப் பாதி ஸ்டைனுக்கும் மூருக்கும். 1980-ல் ஸ்டைன் இறந்தார். இரண்டு வருஷத்தில் மூரும் போயிட்டார்.

இதெல்லாம் இப்போ எதுக்குன்னு கேக்கறீங்களா? நம்ம செல்லுக்குள்ள லைசோசோம்னு ஒரு குப்பை மறுசுழற்சி நிலையம் இருக்கு. அங்க கொழுப்பை உடைக்க உதவுற சாபோசின் சி என்ற சின்னப் புரதத்தில் ஆறு சிஸ்டீன், மூன்று ஊக்கு. சாத்தியம் 15, சரியானது ஒன்று. மரபணுவில் ஒரு எழுத்து மாறி ஒரே ஒரு சிஸ்டீன் போயிட்டாலும் ஒரு ஊக்கு கழண்டுடும், புரதம் நிலைக்காது. உடையாத கொழுப்பு செல்லுக்குள்ளயே தேங்கும். கோஷே நோயின் ஒரு வகை நோயாளியிடம் இப்படி ஒரு மாற்றத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. எந்த சிஸ்டீன் எதோட ஜோடின்னு தெரிஞ்சாதான் அந்த நோய் எங்கே ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியும்.

இன்னைக்கு அந்த வரைபடத்தை நிறை நிறமாலைமானி போட்டுத் தருது. ஆனா வழி அதேதான்: பாலத்தை உடைக்காம வெட்டு, ஒட்டிக்கிட்டு வர்ற ஜோடியைப் பிடி, அப்புறம் பாலத்தை உடைச்சு ஒப்பிட்டுப் பார். அடுத்த முறை லேபில் குரோமடோகிராம் திரையில் ஒரு மேடு எழும்பும்போது நினைச்சுக்கோங்க: அந்த மேட்டை முதல்ல துளித் துளியா எண்ணித்தான் வரைஞ்சாங்க.