செர்வாண்டிஸ் சரித்திரச் சுருக்கம்

கதை பொய்யென்றும், பொய்யைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தல் ஆகாதென்றும் சைவ வித்தியாசாலை உபாத்தியாயர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். வேறு சிலர் அச்சில் வந்த கதை எதுவாயினும் அதனைப் பிள்ளைகள் கையிற் கொடுத்துவிட்டு வாளாவிருக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் அறிந்து பயன்கொள்ளத்தக்கது ஸ்பானியா தேசத்து மிகுவேல் டி செர்வாண்டிஸ் என்பவருடைய சரித்திரம். பிற்காலத்து நாவலாசிரியர் கையாளும் கதைசொல்லும் முறைகள் சில அவர் கையிலேயே தெளிவான உருப்பெற்றன. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

அவர் 1547ஆம் ஆண்டு அல்காலா என்னும் நகரிலே ஓர் இரண வைத்தியருக்குப் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் கடனால் நலிந்து ஊர்தோறும் குடிபெயர்ந்தவர். செர்வாண்டிஸ் வாலிபத்திலே இத்தாலிக்குச் சென்று போர்வீரராயினார். 1571ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆந் தேதி லெப்பாந்தோ என்னுமிடத்திலே துருக்கரோடு நிகழ்ந்த கடற்போரில், காய்ச்சலால் வருந்திய நிலையிலும் படுத்திருக்க இசையாது நின்று பொருதார். மார்பில் இரண்டு குண்டுகள் பட்டன. மற்றொன்று இடக்கையைத் தாக்கியது. அக்கை ஆயுட்காலம் முழுதும் பயனற்றதாயிற்று.

1575இல் அவர் தாயகம் மீளும் வழியிலே, அல்ஜியேர்ஸ் நகரத்துக் கடற்கொள்ளைக்காரர் அவரையும் அவர் சகோதரரையும் சிறைப்பிடித்தனர். தளபதியாகிய அரசகுமாரர் அவரைப் புகழ்ந்து கொடுத்த சிபார்சுக் கடிதம் அவர்பால் இருந்தது. அதனைக் கண்ட பகைவர் அவரைப் பெருங் குடியிற் பிறந்த செல்வரென மயங்கி மீட்புப்பணத்தை மிக உயர்த்தினர். நன்மைக்கென எழுதப்பட்ட கடிதமே விலங்காயிற்று. அவர் ஐந்தாண்டு அடிமையாயிருந்து, நான்கு முறை தப்ப முயன்று, நான்கு முறையும் அகப்பட்டார். அந்நகரிலே மதம்மாறி வாழ்வும் பதவியும் பெற்ற சிறையாளர் பலர் இருந்தனர். அவரோ தம் சமயத்தை விட்டிலர். சமயம் வேறாயினும் உறுதி உறுதியே. நம்மவர் அதனை மதித்தல் கடன். 1580இலே திரித்துவ சபைத் துறவிகள் பணங்கொடுத்து அவரை மீட்டனர்.

தாயகத்திலும் அவருக்குச் சுகமில்லை. அரசாங்கக் கடற்படைக்குத் தானியமும் எண்ணெயும் சேகரிக்கும் உத்தியோகத்தும், பின்னர் வரி தண்டும் உத்தியோகத்தும் அமர்ந்தார். அவர் அரசிறைப் பணத்தை இட்டுவைத்த வணிகன் முறிந்தமையால், 1597இலே செவீல் நகரத்துச் சிறையில் இடப்பட்டார். தம் பெருநூல் ஒரு சிறையிலேயே கருக்கொண்டதென அவர் முகவுரையிற் குறிப்பித்துள்ளார்.

அந்நூல் 1605இல் வெளிவந்த டொன் குவிக்சோட். வீரர் கதைகளை இரவும் பகலும் வாசித்து, அவையனைத்தும் மெய்யென நம்பிப் புத்தி மாறாடிய ஒரு கிராமத்துப் பிரபுவின் கதை அது. அக்காலத்து வீரக்கதைக்காரர், எங்கேயோ கண்டெடுத்த பழைய ஏட்டிலிருந்து எழுதுவதாகச் சொல்லித் தம் கதைக்கு மெய்த்தோற்றம் தேடுவது வழக்கம். செர்வாண்டிஸ் அவ்வழக்கத்தை எடுத்துத் தலைகீழாக்கினார். இருவர் வாளோங்கி நிற்கும் வேளையிலே கதையை நிறுத்தி, ஏடு அவ்வளவில் முடிந்ததென்றார். பின்னர்த் தொலேதோ நகரத்துக் கடைத்தெருவிலே ஒரு சிறுவன் விற்ற பழந்தாள்களில் எஞ்சிய பகுதியைக் கண்டதாகவும், அது சீதே ஹமேத்தே என்னும் சோனகர் ஒருவர் அராபிய பாஷையில் எழுதியதெனவும், முந்திரிகை வற்றலும் கோதுமையும் கூலியாகக் கொடுத்து அதனை மொழிபெயர்ப்பித்ததாகவும் புனைந்தார். அவ்வினத்தார் பொய்யர் என்று தம் நாட்டார் கொண்டிருந்த எண்ணத்தையும் உடன்கூறி, வாசிப்பவரை ஐயுறவும் வைத்தார். தம்மை அடிமை கொண்டோர் இனத்தான் ஒருவனையே தம் நூலுக்கு ஆசிரியனாக்கி நகைத்தமை சிந்திக்கத்தக்கது.

நைமிசாரணியத்திலே சூதமுனிவர் சொல்ல ஏனை முனிவர் கேட்கும் முறை நம் புராணங்களில் உண்டு. அங்கே அம்முறை நூலுக்குப் பிரமாணம் தருவது. செர்வாண்டிஸ் நூலிலோ, சொல்பவன் யார் என்னும் வினாவை எழுப்புவது. இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று.

1614இலே ஒருவன் பொய்ப்பெயர் பூண்டு இரண்டாம் பாகமொன்றை வெளியிட்டு, அதன் முகவுரையில் அவருடைய முதுமையையும் ஊனமுற்ற கையையும் இகழ்ந்தான். அவர் 1615இலே தமது இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அதிலே கதாபாத்திரங்களே முதற்பாகத்தை வாசித்தவராய் வருகின்றனர். கதாநாயகன் தன்னைப்பற்றிய பொய்ந்நூலைச் செவியுற்று, அந்நூல் கூறிய நகருக்குச் செல்லாது பார்சலோனாவுக்கு வழிமாறுகின்றான். வேறெவனும் மேலுங் கதை வளர்க்காதபடி, முடிவிலே அவன் தெளிந்து இறக்கின்றான்.

புகழ் வந்தது, செல்வம் வந்திலது. 1616ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 22ஆந் தேதி அவர் மத்ரித் நகரிலே காலமானார். தம்மை மீட்ட சபையின் கன்னிமாடத்திலேயே அடக்கம் பெற்றார்.

யாம் சிறுவயதில் மிஷன் பாடசாலையிலே றொபின்சன் குரூசோ வாசித்தோம். 1719இல் வெளிவந்த அந்நூலின் முகவுரை, அது நிகழ்ந்த சரித்திரமே என்று கூறுவது. யாம் அதனை நம்பினோம். வெள்ளையன் தன் ஏவலாளனுக்கு மதம் போதித்து அவனைத் தன்வழிப்படுத்தியதையும் நடந்த சங்கதியென்றே கொண்டோம். இதனைச் சொல்பவர் யார், அவருக்கு இஃது எங்ஙனம் தெரிந்தது என்று கேட்க எமக்கு ஒருவரும் கற்பித்திலர். செர்வாண்டிஸை வாசித்த பின்னரே அக்கேள்வி எம்மிடம் பிறந்தது.

டொன் குவிக்சோட் ஒருநாள் பொம்மலாட்டம் பார்த்திருந்து, பொம்மைப் பகைவரை மெய்ப்பகைவரென எண்ணி வாளால் வெட்டி வீழ்த்தினான். அவனுடைய வீட்டாரும் அயலாரும் முன்னரே அவன் நூல்களுட் பலவற்றைத் தீயிலிட்டிருந்தனர். அதனால் அவன் நோய் தீர்ந்ததில்லை. ஆகவே, உபாத்தியாயர்களே, நூலை மறைத்தலும் எரித்தலும் மருந்தல்ல. கதை வாசிக்கும் பிள்ளைக்கு அக்கேள்வியைக் கேட்கப் பழக்குக. பழகிய பிள்ளை கதையிலே இன்பமும் கொள்ளும். பிறர் விரித்த வலையிலே வீழாது தன் சமயத்திலும் நிலைபெறும்.