கேம்பர்வெல் தேர்தலில் நின்ற ஹெலன் டெய்லர் அம்மையார்



யூபிலி மலர் என்றால் அதில் புனிதர் ஒருவருடைய சரிதை இடம் பெறுவது வழக்கம். இங்கே நாம் எழுதப் புகுந்திருப்பதோ புனிதரைப் பற்றியன்று, கத்தோலிக்கரைப் பற்றியுமன்று. மதப்பற்று இல்லாத தத்துவ அறிஞர் ஒருவருடைய இல்லத்தில் வாழ்ந்த ஆங்கில மாது ஒருவரைப் பற்றியே எழுதுகிறோம். ஆயினும், ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்திருந்த லண்டன் சதர்க் பகுதி, தன் பிள்ளைகளின் படிப்பை மும்முறை அவர் கையில் ஒப்படைத்தது. அதனால் அவர் வாழ்க்கை நமக்கும் அந்நியமன்று.

ஹெலன் டெய்லர் 1831 ஆம் ஆண்டு ஜூலை 27 ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பள்ளிக்கூடப் படிப்பு என்று ஒழுங்காக எதுவுமில்லை. நோயாளியான தாயாருடன் ஊர் ஊராகச் சென்றுகொண்டே வீட்டில் கற்றதுதான். இளமையில் நாடக மேடை ஆசை இருந்தது. 1856 இல் வேற்றுப் பெயர் சூட்டிக்கொண்டு நடிக்கவும் செய்தார். 1858 நவம்பரில் தாயார் பிரான்சு நாட்டு அவிஞ்ஞோன் நகரில் இறந்தார். பாப்பரசர்கள் 14 ஆம் நூற்றாண்டில் தங்கியிருந்தார்களே, அதே அவிஞ்ஞோன்தான். தாயாரின் இரண்டாம் கணவரே உலகப் புகழ் பெற்ற ஜான் ஸ்டூவர்ட் மில். மேடையை விட்டுவிட்டு ஹெலன் அவருக்குத் துணையாக நின்றார். அவர் 1873 இல் இறக்கும் வரை, பதினைந்து ஆண்டுகள், கடிதம் எழுதுவது முதல் நூல்களைச் சீர்பார்ப்பது வரை எல்லாப் பணியையும் பகிர்ந்துகொண்டார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 1,500 பேர் ஒப்பமிட்ட மனுவை 1866 இல் மில் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார் அல்லவா? அம்மனுவை உருவாக்கியதில் ஹெலனுக்கும் பங்குண்டு.

நாம் சொல்ல வந்தது இதற்குப் பிந்திய கதை.

1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் பள்ளி வாரியங்கள் ஏற்பட்டன. நம் பெரியவர்கள் ஜில்லா போர்டு என்று சொல்லக் கேட்டிருப்போம். ஏறக்குறைய அது போலத் தேர்தல் மூலம் அமைந்தவை. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கவே உரிமையில்லாத பெண்கள், பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம் என்று அச்சட்டம் வழிவிட்டது. முதல் லண்டன் வாரியத்திலேயே இரு பெண்கள் இடம் பெற்றார்கள். ஹெலன் அம்மையார் 1876 இல் சதர்க் பகுதியில் நின்று வென்றார். 1879 இலும் 1882 இலும் மீண்டும் வென்றார்.

அந்நாளில் வாரியப் பள்ளியிலும் சம்பளம் உண்டு. வாரத்துக்கு ஒன்பது பென்ஸ் வரை வாங்கலாம் என்பது சட்டம். நாலைந்து பிள்ளைகள் உள்ள கூலிக்காரன் என்ன செய்வான்? பள்ளிச் சம்பளம் அறவே கூடாது, பசித்த பிள்ளைக்கு உணவும் காலணியும் கொடுக்க வேண்டும், பிரம்படி ஒழிய வேண்டும், வகுப்பில் பிள்ளைகள் தொகை குறைய வேண்டும், ஆசிரியர் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும் என்று அம்மையார் வாதாடினார். வாரியம் தயங்கியது. அவர் காத்திருக்கவில்லை. சதர்க்கின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மூலமாகத் தம் சொந்தச் செலவில் மதிய உணவும் ஒரு ஜோடி பூட்ஸும் கிடைக்கச் செய்தார். மதிய உணவு என்றால் என்ன என்று தமிழ்நாட்டுத் தாய்மாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. தெருவில் அலையும் சிறுவரை வைத்துத் தொழில் கற்பிக்கும் புனித பவுல் தொழிற்பள்ளியில் பிள்ளைகள் கொடுமைப்படுத்தப்படுவதாக அவரும் எலிசபெத் சர் என்ற உறுப்பினரும் வெளிப்படுத்தினார்கள். உள்துறை அமைச்சர் விசாரணை வைத்தார், பள்ளி மூடப்பட்டது. ஆனால் வாரியத்தில் அத்துறைக் குழுவின் தலைவராயிருந்த தாமஸ் ஸ்க்ரட்டன், ஹெலன் மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1882 ஜூன் மாதம் நான்கு நாள் விசாரணை நடந்தது. தாம் எழுதியது அத்தனையையும் மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. 1,000 பவுன் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார். அவருக்குத் தனிப்பகை இல்லை, பொதுநல நோக்கமே இருந்தது என்று நீதிபதியே ஏற்றுக்கொண்டார். அவசரப்பட்டுவிட்டார் என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த அவசரத்துக்குப் பின் லண்டன் தொழிற்பள்ளிகள் திருந்தின.

ஐரிஷ் மக்களின் நிலப் போராட்டத்திலும் அவர் துணிந்து இறங்கினார். அன்னா பார்னெல் தொடங்கிய பெண்கள் நிலச் சங்கத்தின் இங்கிலாந்துக் கிளைக்குத் தலைமை வகித்தார். அயர்லாந்தில் அடக்குமுறையை நடத்திய அமைச்சர் ஃபார்ஸ்டரே 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்! தமக்கு வாரியக் கதவைத் திறந்துவிட்டவரையே அம்மையார் எதிர்த்து நின்றார்.

1885 இல் பொதுத் தேர்தல் வந்தது. வடக்கு கேம்பர்வெல் என்பது அப்போதுதான் உருவான தொகுதி. அங்கே தாம் பாராளுமன்றத்துக்கு நிற்பதாக ஹெலன் அறிவித்தார். பெண்களுக்கு நீதியான சட்டங்கள், போர்த் தடுப்பு ஆகியவை அவருடைய கொள்கையில் இருந்தன. ஐரிஷ் தலைவரும் கத்தோலிக்கருமான மைக்கேல் டேவிட் அவருக்காகப் பேசினார். நாள்தோறும் கூட்டங்கள் நடந்தன. வேட்புமனு நாளன்று தேர்தல் அதிகாரியிடம் மனுவும் செலவுக்குக் கட்ட வேண்டிய பணமும் நீட்டப்பட்டன. அதிகாரி இரண்டையும் வாங்க மறுத்துவிட்டார். வாக்காளர் தீர்ப்புச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதே தேர்தலில் கர்தினால் மானிங் ஆண்டகை, நம் சமயப் பள்ளிகளைக் குறித்து வேட்பாளரிடம் கேட்டறிந்து வாக்களிக்கும்படி கத்தோலிக்கரைத் தூண்டினார். வாரியப் பள்ளியில் எந்தச் சபைக்கும் தனியான ஞானோபதேசம் கற்பிக்கக்கூடாது என்பது சட்டம். வாரியத்துக்கு வரியும் கட்டி, பங்குப் பள்ளியையும் தாங்க வேண்டிய பாரம் நம்மவர் மேல் இருந்தது. ஆகவே அம்மையாரின் மனு ஏற்கப்பட்டிருந்தால், அவருடைய ஐரிஷ் ஆதரவாளர் சிலரேனும் மனச்சங்கடப்பட்டிருப்பார்கள். நாமே அங்கு குருவாயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எளிதான கேள்வியன்று. ஆனால் மக்கள் எடைபோட வேண்டிய அந்தக் கேள்வியை அதிகாரி ஒருவர் மேசையிலேயே முடித்துவிட்டது சரியன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

பெண்கள் பாராளுமன்றத்துக்கு நிற்கலாம் என்ற சட்டம் 1918 இல்தான் வந்தது. அவ்வாண்டே டப்ளினில் வென்ற முதல் பெண்மணி கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச், கத்தோலிக்க மறையில் சேர்ந்தவர். தம் கட்சியின் முடிவுப்படி லண்டன் மன்றத்தில் அமரவில்லை.

தேர்தலுக்குப் பின் ஹெலன் அம்மையார் தாயாரின் கல்லறை இருந்த அவிஞ்ஞோன் வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார். முதுமையில் அண்ணன் மகள் அவரை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். பள்ளிச் சம்பளம் 1891 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் 1906 டிசம்பரில் நிறைவேறியது. அடுத்த மாதம், 1907 ஜனவரி 29 ஆம் நாள், டார்க்கி என்ற கடற்கரை ஊரில் அவர் காலமானார்.