வீதிச் சிறுவரின் தந்தை ஜோன் பொஸ்கோ

இத்தாலி நாட்டின் வடபாகத்திலே, தூரின் நகருக்கு அணித்தான ஒரு குக்கிராமத்தில் 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆந் திகதி ஜோன் பொஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். அவர் படிப்பதை மூத்ததாரத்துத் தமையன் பொறுக்கவில்லை. ஆதலால் சிறுவயதிலேயே வீட்டைவிட்டுச் சென்று, ஒரு கமக்காரரிடம் வேலை செய்து பிழைக்க வேண்டியதாயிற்று. வீடிழந்தவன் படும் பாட்டை அவர் ஏட்டிலே கற்றவரல்லர்.

1841இல் கத்தோலிக்க குருவாகித் தூரினை அடைந்தார். மலைக்கிராமங்களிலிருந்து கொத்துவேலை தேடி வந்த சிறுவர் பலர் படுக்க இடமின்றி அந்நகரில் அலைந்தனர். சிறைச்சாலைக்குச் சென்றுவந்த அடிகள் ஒன்றைக் கண்டு திடுக்கிட்டார்: விடுதலையான பையன்களே மீண்டும் உள்ளே வந்தனர். வெளியே அவர்களை ஏற்பார் ஒருவருமிலர் என்பதே காரணம்.

1846இல் வல்டொக்கோ என்னும் பகுதியில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்தார். அன்னை மார்கரீத்தாவும் ஊரைவிட்டு வந்து மகனுக்குத் துணையானார். வைக்கோற் பரணில் தங்கவைத்த பையன்கள் சிலர் விடியுமுன் போர்வைகளோடு மறைந்தனர். வைக்கோலையுங்கூட விட்டுவைக்காதவர் உண்டு! நாமாயின் அத்துடன் கதவைச் சாத்தியிருப்போம். 1847 மே மாதத்தில் ஒரு மழையிரவு, நனைந்து நடுங்கிய பையன் ஒருவன் வந்து நின்றான். சட்டிபானைகளைக் கொண்டுபோய்விடுவானோ என்று அன்னை அஞ்சினார். ஆயினும் உணவளித்து, செங்கல்லும் பலகையும் அடுக்கி அடுக்களையிலே படுக்கை அமைத்தார். பின்னர் பல நூறு சிறுவர் வாழ்ந்த இல்லம் அவ்வாறு தொடங்கியது.

உணவும் உறைவிடமும் கொடுத்தோர் பிறரும் உளர். அடிகளோ, பையன்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று அவர்கள் நிலையை விசாரிப்பார். தொழில் பழகுவோரை எசமானர் அடிப்பதும், ஏவல் வேலை வாங்குவதும் அக்கால வழக்கம். 1852 பெப்ரவரியில் ஒரு தச்சருடன் அவர் முத்திரைக் காகிதத்தில் ஒப்பந்தம் செய்தார். பையனைச் சொல்லால் மட்டுமே திருத்தலாம், அடிக்கலாகாது. தொழிலுக்குப் புறம்பான வேலை கொடுக்கலாகாது. திருநாட்களில் ஓய்வும் ஆண்டுக்கு 15 நாள் விடுமுறையும் வேண்டும். கூலி படிப்படியாக உயரவேண்டும். பையனின் நன்னடத்தையைக் கவனிக்கும் பொறுப்பை அடிகள் ஏற்றார். வீதியில் நின்றவனுக்காகக் கையொப்பமிட ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

1853இல் சப்பாத்து வேலை, தையல் ஆகியவற்றுக்கு இல்லத்திலேயே பட்டறைகள் தொடங்கின. புத்தகங்கட்டல், தச்சு, அச்சு, இரும்புவேலை என்பன பின்தொடர்ந்தன. 1856இல் அன்னை மறைந்தார். 1888 ஜனவரி 31இல் அடிகள் கண்மூடியபோது, இத்தாலிக்கு அப்பால் பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஆர்ஜென்டினாவிலும் அவருடைய இல்லங்கள் நடந்துகொண்டிருந்தன.