கழற்றி மாட்டிய விஞ்ஞானி

வீடியோ கேம் பெட்டிக்குள் தகட்டைப் போடுகிறீர்கள். அது சுற்றுகிறது, ஆனால் விளையாட்டு வரவில்லை. தகட்டைப் படிக்க முடியவில்லை என்று திரை சொல்கிறது. உடனே ஸ்குரு டிரைவரைத் தேடத் தோன்றும் அல்லவா? அதற்கு முன், கழற்றுவதிலும் மாட்டுவதிலும் கெட்டிக்காரரான ஒரு தமிழ்நாட்டு மேதையைத் தெரிந்துகொள்வோம்.

கோவை அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தவர் ஜி.டி.நாயுடு. முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. ஆனால் புத்தகங்களை அவர் விடவில்லை. தாமாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

இளைஞராக இருந்தபோது ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குச் சென்று ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலை பார்த்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். சுமார் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பினாரா? இல்லை! வண்டியை முழுவதுமாகக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் பல ஆண்டு உழைப்பும் பழைய இரும்புதான். ஆனாலும் எந்தப் பாகம் எங்கே இருந்தது, அதன் வேலை என்ன என்று கவனித்துக் கவனித்துக் கற்றார். மீண்டும் பூட்டி ஓடவும் வைத்தார். அதுதான் அவருடைய பொறியியல் கல்லூரி!

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. பேட்டரியில் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று பலவற்றை உருவாக்கினார். 1937-ல் கோவை பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையில், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. 1945-ல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் உருவாகவும் காரணமாக இருந்தார். 1952-ல் இரண்டு பேர் செல்லும் சிறிய காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அந்தத் திட்டம் நின்றுபோனது. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை.

அவர் கண்டுபிடிப்புகளில் ஒன்று, கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி. லென்சு சரியான தூரத்தில் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். உங்கள் கேம் பெட்டியிலும் இதே கதைதான்! தகட்டின் அடியில் ஒரு குட்டி லென்சு மேலும் கீழும் அசைந்து, லேசர் ஒளியை ஊசிமுனையை விடச் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்தே பெட்டி தகவலைப் படிக்கிறது. லென்சில் தூசி படிந்தாலோ, லேசர் பழசாகி மங்கினாலோ படிப்பது தடுமாறும்.

சில பெட்டிகளில், லேசருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க மிகச் சிறிய திருகு ஒன்று உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக், முதலில் தகட்டையும் லென்சையும் துடைத்துப் பார்ப்பார். அதிலும் சரியாகாவிட்டால்தான் திருகைத் தொடுவார். பழைய நிலையை மீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு, மயிரிழை அளவுதான் திருப்புவார். அதிகம் திருப்பினால் லேசர் சீக்கிரமே எரிந்துபோகும். பிறகு திருகைத் திருப்பியும் பயன் இல்லை. லேசர் ஒளி கண்ணுக்கும் ஆபத்து. சி.டி. படிக்கும் கதிர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் இன்னும் ஆபத்து. எனவே இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. மெக்கானிக் செய்யும்போது தள்ளி நின்று கேள்வி கேளுங்கள். மின் இணைப்பு இல்லாத பழைய கடிகாரம், உடைந்த பொம்மை போன்றவற்றைப் பெரியவர்கள் துணையோடு கழற்றிப் பழகுங்கள். ஒவ்வொரு திருகும் எங்கே இருந்தது என்று நோட்டில் படம் வரைந்து வையுங்கள்.

ஜி.டி.நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி காலமானார். 2025-ல் திறக்கப்பட்ட கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. காணை, விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகளே, கோவைக்குச் சுற்றுலா போனால் அந்தப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். எதையும் கழற்றுவது எளிது; புரிந்துகொண்டு திரும்ப மாட்டுவதே அறிவு. அந்த மேதை நமக்குக் காட்டிய பாடம் இதுதான்!